வீட்டில் பச்சை, பேண்டில் சிவப்பு: ஒரு கிளாரினெட் மாணவியும் அவளுடைய பயிற்சி ஆப்களும்

ஜனவரி மூன்றாம் வாரம் என் மகளின் பேண்டு ஆசிரியரிடமிருந்து சின்னதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. கிளாரினெட் வரிசையில் இவள் சுருதி மேலே ஏறி நிற்கிறது, ஒலியும் நெருக்கிப் பிடித்தாற்போல இருக்கிறது, வீட்டில் எப்படிப் பயிற்சி செய்கிறாள் என்று கேட்டிருந்தார். அதே வாரம்தான் பள்ளி கொடுத்திருந்த மதிப்பெண் ஆப்பில் அவள் 100க்கு 97 வாங்கியிருந்தாள். சுருதி சேர்ந்ததா என்று காட்டும் ட்யூனர் ஆப்பில் நீளமாகப் பிடித்த ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பச்சை முகம் சிரித்தது. "அம்மா, எல்லாமே பச்சையாத்தானே இருக்கு!" என்று அவள் கண் கலங்கக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பதிலைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. என்னைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் பேண்டில் வாசிக்கும் பிள்ளைகள் நிறைய. பெற்றோர் பலருக்கு மேற்கத்திய இசை தெரியாது. ஆப் காட்டும் எண்ணைத்தான் நாங்கள் எல்லோரும் நம்புகிறோம். அதனால்தான் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

பின்னணி

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. இங்கே பேண்டு பொழுதுபோக்கு வகுப்பு அல்ல, தினமும் நடக்கும் பாடம். பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் கருவியைத் தொடங்குகிறார்கள். பல பள்ளிகளில் முதல் ஆண்டு கிளாரினெட் பிள்ளைகள் தனி வகுப்பு, டிரம்பெட் பிள்ளைகள் தனி வகுப்பு. ஏழாம் வகுப்பில்தான் முழு பேண்டாகச் சேர்ந்து வாசிப்பார்கள். வசந்த காலத்தில் யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக் நடத்தும் மதிப்பீடு வரும். எல்லோரும் அதை யூ.ஐ.எல். என்றுதான் சொல்வார்கள். மேடையில் தயாரித்த பாடல்களை வாசிக்கும்போது மூன்று நடுவர்கள் கேட்பார்கள். அப்புறம் இன்னொரு அறைக்குப் போய், இதுவரை பார்க்காத ஒரு பாடலைச் சில நிமிட விளக்கத்துக்குப் பிறகு நேரடியாக வாசிக்க வேண்டும். 1 முதல் 5 வரை தரம் தருவார்கள், 1 தான் உயர்ந்தது.

என் மகள் ஏழாம் வகுப்பு. கிளாரினெட் அவளே தேர்ந்தெடுத்தது. திருச்சியிலிருக்கும் என் அம்மாவுக்கு அதில் தனிப் பெருமை. அந்த ஊர்க்காரரான ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்து சங்கீத கலாநிதியும் பத்மஸ்ரீயும் பெற்றவர் ஆயிற்றே. "நம்ம ஊரு வாத்தியம்டி அது" என்பார் அம்மா. அந்த வருடம் பிப்ரவரியில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் தங்கினார். பின்னால் நடந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மேஜை மேல் இருந்த கருவிகள்

பள்ளி கொடுத்த மதிப்பெண் ஆப் முதலாவது. திரையில் நோட்டேஷன் ஓடும், பின்னணி இசை ஒலிக்கும், பிள்ளை கூடவே வாசிப்பாள், மைக் கேட்கும். சரியான ஸ்வரம் பச்சை, தப்பானது சிவப்பு, கடைசியில் 100க்கு எவ்வளவு என்று ஒரு எண். இந்த வகை மென்பொருள் புதிதல்ல. ஸ்மார்ட்மியூசிக் என்று அமெரிக்கப் பள்ளிகளில் பேர்போன மென்பொருள் 1990களிலேயே வந்துவிட்டது, இன்று மேக்மியூசிக் கிளவுட் என்ற பெயரில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் இருந்தது வேறு ஒன்று. நான் சொல்லப்போவது அந்த வகைக்கே பொதுவானது என்பதால் பெயர் தேவையில்லை.

2020இல் பள்ளிகள் மூடியபோது இத்தகைய ஆப்களின் தேவை ஒரேயடியாகக் கூடியது. வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசிக்கவே முடியாது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி நம்மை எட்ட 30 மில்லிநொடி ஆகும். சேர்ந்து வாசிப்பவர்கள் ஏறக்குறைய அவ்வளவு தாமதம் வரைதான் சமாளிப்பார்கள். வீடியோ அழைப்பின் தாமதம் சாதாரணமாக அதைப்போலப் பல மடங்கு. தவிர, நீளமாகப் பிடித்த ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அந்த மென்பொருள்கள் அமுக்கிவிடும். பேண்டாக வாசிக்க முடியாத பிள்ளைகளைத் தனித்தனியாகக் கவனிக்க ஆசிரியர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் அந்த வழக்கம் தங்கிவிட்டது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கேட்க வேண்டிய இடத்தில் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, டோனல் எனர்ஜி என்ற ட்யூனர். பேண்டு உலகத்தில் பரவலாகத் தெரிந்த ஆப் இது. சுருதி சேர்ந்தால் பச்சை முகம் சிரிக்கும். தாள வேகத்தை டிக் டிக் என்று சொல்லும் மெட்ரோனோம், பதிவு, நீடித்து ஒலிக்கும் சுருதி எல்லாமே அதற்குள் இருக்கின்றன. நாங்கள் வெகுநாள் அந்த முகத்தை மட்டுமே பயன்படுத்தினோம்.

இவை தவிர போனிலேயே இருக்கும் ஒலிப்பதிவு, பாடல்களை மெதுவாக ஓட்டிக் கேட்க யூடியூப், அப்புறம் நோட்டேஷன் தட்டச்சு செய்ய இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர்.

முதலில் வந்த சின்னச் சிக்கல்கள்

ஆறாம் வகுப்பில் ஒரு வாரம் முழுக்கக் குழம்பினோம். அவள் சி என்ற ஸ்வரத்தை வாசிக்கிறாள், ட்யூனர் அதை பி ஃப்ளாட் என்ற வேறு ஸ்வரமாகக் காட்டுகிறது. கிளாரினெட் பழுதோ என்றுகூட நினைத்தேன். பழுது இல்லை. வழக்கமான கிளாரினெட் பி ஃப்ளாட் கருவி. தாளில் சி என்று எழுதியிருந்தால் பியானோவின் பி ஃப்ளாட் தான் ஒலிக்கும். ஆப்பின் அமைப்பில் கருவியை மாற்றியதும் சரியானது. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் உடனே புரியும்: அவளுடைய சி ஆறரைக் கட்டை. (கட்டை என்பது சுருதி எவ்வளவு உயரம் என்று சொல்லும் நம் கணக்கு.)

ஏழாம் வகுப்பு அக்டோபரில் வந்தது வேறு மாதிரி. மதிப்பெண் ஆப்பில் திடீரென்று எல்லாமே சிவப்பு. ஸ்வரம் சரி, எல்லாம் தாமதம் என்றது. அவள் அழுதுகொண்டே அதே எட்டு பாரை, அதாவது எட்டுத் தாளப் பகுதிகளை, திரும்பத் திரும்ப வாசித்தாள். புதிதாக வாங்கிக் கொடுத்த புளூடூத் ஹெட்போன்தான் காரணம் என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பின்னணி இசை புளூடூத் வழியாக அவள் காதுக்கு வர 150, 200 மில்லிநொடி தாமதம். அவள் கேட்டதற்குச் சரியாகத்தான் வாசித்தாள், ஆப்புக்குத்தான் அது பிந்தி வந்தது. நிமிடத்துக்கு 120 வேகத்தில் ஒரு அடிக்கு 500 மில்லிநொடி. அதில் கால் பங்குக்கும் மேல் காணாமல் போனால் எந்தப் பிள்ளையும் தாளம் தெரியாதவளாகத்தான் தெரிவாள். வயர் உள்ள பழைய ஹெட்போனை மாட்டியதும் மறுநாளே மதிப்பெண் ஏறியது. அந்த இரண்டு நாளில் அவள் தன்னைத் தாளமில்லாதவள் என்று நம்பிவிட்டாள். அது என்னை இன்றும் உறுத்துகிறது.

அந்த அனுபவத்தால் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எண் இறங்கினால் பயம், ஏறினால் நிம்மதி என்று ஆகிவிட்டது. ஜனவரியில் தெரிந்த கோளாறின் வேர் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

உண்மையான கோளாறு

மின்னஞ்சலுக்குப் பிறகு ஆசிரியர் ஒரு நாள் காலை வகுப்புக்கு முன்பு அவளை வரச் சொன்னார். நானும் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். போனை எடுக்கவே வேண்டாம் என்றார். கிளாரினெட்டைக் கழற்றச் சொல்லி, மவுத்பீஸையும் பேரலையும் மட்டும் சேர்த்து ஊதச் சொன்னார். பேரல் என்பது மவுத்பீஸுக்கும் மேல்குழாய்க்கும் நடுவில் வரும் சின்னத் துண்டு. இரண்டை மட்டும் ஊதினால் எஃப் ஷார்ப் வர வேண்டும், நம் கணக்கில் நாலரைக் கட்டை. அவள் ஊதியது அதைவிட நன்றாக மேலே இருந்தது. "ரீடைக் கடிக்கிறாய்" என்றார் அவர், மென்மையாகத்தான். ரீட் என்பது மவுத்பீஸில் கட்டியிருக்கும், ஊதும்போது அதிரும் மெல்லிய பட்டை.

ஏன் கடிக்கிறாள்? வீட்டில் எங்கே வாசிக்கிறாள் என்று கேட்டார். கராஜுக்கு மேலே இருக்கும் அறை, ஜனவரியில் ஹீட்டர் அங்கே சரியாக எட்டாது. அங்கேதான் விடை இருந்தது.

காற்றுக்கருவியின் சுருதி உள்ளே இருக்கும் காற்றின் சூட்டைப் பொறுத்தது. காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், சுருதி ஏறும். ஒரு அரை ஸ்வரத்தை 100 பங்காக்கினால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். குழாயின் உள்காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 3 சென்ட் ஏறும். நம் மூச்சே குழாயைச் சூடாக்குவதால் அறைச் சூட்டின் வித்தியாசம் அப்படியே முழுதாக வராது. ஆனாலும் குளிர்ந்த கிளாரினெட் கீழேதான் நிற்கும்.

போதாக்குறைக்கு, செப்டம்பர் வெயிலில் பேண்டு அறையில் சுருதி சேர்த்தபோது பேரலைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தவள், அதை அப்படியே விட்டிருந்தாள். குழாய் நீண்டால் சுருதி இறங்கும். ஆக, வீட்டில் குளிர்ந்த கருவி, நீண்ட குழாய், இரண்டும் சேர்ந்து ட்யூனரின் முள்ளைக் கீழே தள்ளின. பச்சை வரவில்லை. முள்ளை மேலே ஏற்றப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழி, கீழ்த்தாடையை இறுக்கி ரீடைக் கடிப்பது. கடித்தால் சுருதி ஏறும். பச்சை வந்தது. ஒலி சுருங்கிப் போனது, ஆனால் ஆப்புக்கு அது தெரியாது. மைக் கேட்பது எந்த ஸ்வரம், எப்போது என்பதை மட்டும்தான். கன்னம் உப்புகிறதா, மூச்சு வயிற்றிலிருந்து வருகிறதா, ஒலியில் உயிர் இருக்கிறதா என்றெல்லாம் அதனிடம் கேட்கவே முடியாது.

அதே தாடை இறுக்கத்தோடு பள்ளிக்குப் போனாள். ஐம்பது பிள்ளைகள் ஊதும் சூடான அறை. கருவியும் சூடேறியது. வீட்டில் நடுவுக்கு வந்த ஸ்வரம் அங்கே தலைக்கு மேலே போனது. தினமும் இருபத்தைந்து நிமிடம், கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் விடாமல், என் மகள் தப்பாக வாசிக்க உழைத்திருக்கிறாள். சோம்பலால் வந்த கோளாறாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். பேரலை இழுத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவு இறங்காது. விரல்கள் திறந்திருக்கும் ஜி, ஏ போன்ற ஸ்வரங்களில் குழாய் குட்டையாக இருப்பதால் ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிய மாற்றம். எல்லாத் துளையும் மூடிய கீழ் ஸ்வரங்களில் அதே மில்லிமீட்டர் காதுக்கே தெரியாது. அதனால் ஒரு ஸ்வரத்தில் பச்சை வந்ததும் சுருதி சேர்ந்துவிட்டது என்று ஆப்பை மூடுவதே தப்பு.

அம்மா சொன்ன வழி

அடுத்த மாதம் என் அம்மா வந்தார். இரண்டாம் நாள் அந்த அறையில் உட்கார்ந்து பேத்தி வாசிப்பதைக் கேட்டவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏண்டி கண்ணு, அந்த மூஞ்சியையே பாத்துக்கிட்டு ஊதுறியே, சுருதி எங்க?"

அம்மா சின்ன வயதில் பாட்டு கற்றவர். தம்புராவோ சுருதிப் பெட்டியோ இல்லாமல் அவர்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. சுருதியைக் கண்ணால் பார்ப்பது என்பதே அவருக்குப் புரியவில்லை. தன் போனில் இருந்த தம்புரா ஆப்பைத் திறந்து, எத்தனை கட்டை என்று கேட்டார். ஆறரை என்றேன். ச-ப-ச சுருதி அறையில் நிறைந்தது. "இப்ப ச ஊது" என்றார். என் மகள் எழுதிய சியை ஊதினாள். முதல் மூன்று முயற்சியில் இரண்டு ஒலிகளும் மோதி அலை அலையாக அதிர்ந்தன. எந்தத் திரையும் இல்லாமலே அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். தாடையைத் தானாகத் தளர்த்தினாள். அலை மெதுவாகி நின்றது.

அந்த அலைக்கு எளிய கணக்கு உண்டு. ஒரு ஸ்வரம் நொடிக்கு 233 அதிர்வு, இன்னொன்று 236 என்றால், நொடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். சேரச் சேர அது மெதுவாகும். பிள்ளையின் காதுக்கு இது ட்யூனரைவிடக் கூர்மையான அளவுகோல். முக்கியமாக, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவளே தேடிக் கண்டுபிடிக்கிறாள்.

அன்றிரவு டோனல் எனர்ஜியைத் திறந்து பார்த்தால், நீடித்து ஒலிக்கும் சுருதி அதிலேயே இருந்தது. ஒன்றரை வருடம் கையில் வைத்திருந்தும் நாங்கள் தொடாத பக்கம் அது. ஆசிரியரிடம் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டார். அவரும் வகுப்புத் தொடக்கத்தில் பி ஃப்ளாட்டிலும் எஃபிலும் அப்படித்தான் ஒலிக்க விடுவாராம். எஃப் என்றால் நாலு கட்டை.

காந்தாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேண்டில் பி ஃப்ளாட் மேஜர் கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டொலி) வரும்போது இவளுக்குப் பியானோ கணக்கில் டி ஸ்வரம் வரும் பாடல் ஒன்று இருந்தது. பி ஃப்ளாட்டை ச என்று வைத்தால் அது அந்தர காந்தாரம். ட்யூனரின் சாதாரண அமைப்பு ஆக்டேவை, அதாவது ச முதல் மேல் ச வரையுள்ள தூரத்தை, 12 சம பங்காக்கிய முறை. அதில் காந்தாரம் ஷட்ஜத்துக்கு மேலே 400 சென்ட். காதுக்கு இனிமையாகச் சேரும் காந்தாரம் 5க்கு 4 என்ற விகிதத்தில், சுமார் 386 சென்ட்டில் இருக்கிறது. 14 சென்ட் வித்தியாசம் சிறியது அல்ல. அந்த இடத்தில் பச்சை முகம் வரும்வரை ஏற்றினால் கார்டு கரகரக்கும். நன்றாகச் சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாமலே அந்தக் காந்தாரம் தானாகக் கேட்கும். அம்மா அதைக் கேட்கச் சொல்லி, அதோடு சேர்த்து ஊதச் சொன்னார். இரண்டு மூன்று நாளில் பிடித்துவிட்டாள். ஆப்பிலும் அந்த இயற்கைச் சுருதி முறைக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் காது முதலில் கற்றுக்கொண்டதால் அவளுக்கு அது தேவைப்படவில்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு: போன் ஸ்பீக்கரில் சுருதி வைத்தால் கீழ் ஒலிகள் வரவே வராது. ஒரு சின்ன ஸ்பீக்கரோடு இணைத்தோம். சுருதிக்கு புளூடூத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை, மெட்ரோனோமுக்குத்தான் கூடாது.

மாற்றிய மற்றவை

பயிற்சி அறையை மாற்றினோம். சமையலறைக்குப் பக்கத்தில், சூடான இடம். முதல் ஐந்து நிமிடம் எந்த ஆப்பும் இல்லாமல் கருவி வெதுவெதுப்பாகும்படி ஊதிவிட்டுப் பிறகுதான் பேரலைத் தொட வேண்டும். ட்யூனர் கடைசியில் ஒரு முறை: கண்ணை மூடி ஸ்வரத்தைப் பிடித்து, சேர்ந்துவிட்டது என்று அவளே முடிவு செய்த பிறகு கண் திறந்து பார்ப்பது.

மெட்ரோனோமையும் அம்மா விடவில்லை. டிக் டிக் என்று எப்போதும் ஒலித்தால் தாளம் அதனிடமே இருந்துவிடும், பிள்ளையிடம் வராது என்றார். சில மெட்ரோனோம் ஆப்களில் இரண்டு பார் ஒலித்து இரண்டு பார் மௌனமாகும்படி வைக்கலாம். மௌனத்துக்குப் பிறகு டிக் வரும்போது நாமும் அங்கேயே இருக்கிறோமா என்று தெரிந்துவிடும். இந்தப் பயிற்சியை அவள் மிகவும் விரும்பினாள்.

மியூஸ்ஸ்கோரில் தன் பகுதியைத் தானே தட்டச்சு செய்தாள். எட்டு பாருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கேன் செய்து மாற்றித் தருகிறேன் என்றான், நான் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு புள்ளி வைத்த குறிப்பையும் கையால் போட்டபோதுதான் அவளுக்கு அந்தத் தாளக்கட்டு புரிந்தது.

எல்லாவற்றிலும் அதிகம் உதவியது போனில் இருந்த சாதாரணப் பதிவு. தினமும் அரை நிமிடம் பதிவு செய்து, மறுநாள் வாசிக்கும் முன் கேட்பாள். வாசிக்கும்போது கேட்காதது மறுநாள் கேட்கும். போன் தானாகவே ஒலி அளவைச் சமன் செய்துவிடுவதால், மெதுவாகத் தொடங்கிப் பெரிதாக்கும் இடங்களை மட்டும் அதை வைத்து மதிப்பிடக் கூடாது.

என்ன ஆனது

முதலில் இறங்கியது மதிப்பெண். தாடையைத் தளர்த்திய பிறகு உதடு பழகவில்லை, சில ஸ்வரம் கீறியது, சில ஸ்வரம் வரவேயில்லை. 97 இருந்த இடத்தில் 84 வந்தது. அவளைவிட நான்தான் அதிகம் பதறினேன். எண்ணைப் பார்க்க வேண்டாம், இந்த மூன்று வாரம் அதை மதிப்பெண் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்று ஆசிரியர் எழுதினார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவள் பழையபடி கடித்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஆப்களைக் கொடுக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: பிள்ளை ஒரு பழக்கத்தை மாற்றும் காலத்தில் எண்ணை நிறுத்தி வையுங்கள்.

மார்ச் நடுவில் ஒலி திறந்தது. ஒரு மாலை நான் சமையலறையில் இருந்தேன், திடீரென்று இது யார் வாசிப்பது என்று திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. ஏப்ரலில் யூ.ஐ.எல். வந்தது. எங்கள் பள்ளிக்கு மேடையில் 1, புதிய பாடல் அறையில் 2 கிடைத்தது. அதில் ஒரு பிள்ளையின் தாடை எவ்வளவு பங்களித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். கிளாரினெட் வரிசைக்குள் அவள் சுருதி இப்போது கலந்துவிடுகிறது என்று ஆசிரியர் சொன்னார். எனக்கு அது போதும்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. தாளில் எழுதும் கணக்கில் நடு பி ஃப்ளாட் இன்னும் மெலிந்து, கொஞ்சம் ஏறித்தான் வருகிறது. கிளாரினெட்டின் அமைப்பிலேயே அது கடினமான ஸ்வரம். வலது கை விரல்கள் சிலவற்றைக் கூடுதலாக மூடிச் சரிசெய்யும் முறையை ஆசிரியர் கோடையில் சொல்லித் தருகிறார்.

அம்மா மே மாதம் ஊருக்குத் திரும்பினார். போகும் முன் தன் தம்புரா ஆப்பைப் பேத்தியின் போனிலும் போட்டுக் கொடுத்தார். இப்போது ஞாயிறு காலை வீடியோ அழைப்பில் இவள் வாசிக்க அவர் கேட்கிறார். இருவரும் சேர்ந்து பாடி வாசிக்க ஒரு முறை முயன்றார்கள், தாமதத்தால் முடியவில்லை. அதனால் ஒருவர் முடித்த பிறகு மற்றவர். திருச்சியில் அவர் வீட்டிலும் இங்கே எங்கள் வீட்டிலும் ஆறரைக் கட்டை சுருதி ஓடிக்கொண்டிருக்கிறது.